கல்லுக்கேற்ற வைர பிளேடு: தேர்வும் பராமரிப்பும்

இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவர்



காரைக்காலில் இன்று எந்தத் தெருவில் வீடு வேலை நடந்தாலும் நமக்கு முதலில் தெரிவது ஒரு சத்தம்தான். 'கிர்ர்ர்...' என்று காதைக் கிழிக்கும் கட்டிங் மிஷின் சத்தம். உளியும் சுத்தியலும் கொண்டு அரை நாள் கொத்திய வேலையை அந்த மிஷின் அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. ஆனால் உண்மையில் வெட்டுவது மிஷின் அல்ல. அதன் முனையில் சுற்றுகிற, உள்ளங்கை அகலமே உள்ள வைர பிளேடுதான் வெட்டுகிறது. மிஷினைப் பற்றிப் பேசுகிற நாம் பிளேடைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கடையில் போய் "ஒரு நாலு இன்ச் பிளேடு குடுங்க" என்கிறோம். கடைக்காரரும் "இது எல்லாத்துக்கும் போடலாம் தம்பி" என்று ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். விஷயம் அதோடு முடிந்தது!

உண்மையில் 'எல்லாத்துக்கும்' என்று ஒரு பிளேடு இருக்க முடியுமா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நம்ம ஊரும் கல்லும்

நம்முடையது அரசலாறு கடலில் சேருகிற வண்டல் பூமி. தோண்டினால் களிமண்ணும் மணலும் வரும், பாறை வராது. மலை என்று பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறி வெகுதூரம் போக வேண்டும். அதனால் நம் பகுதியில் செங்கல் ஒன்றுதான் மண்ணின் சொந்தப் பொருள். மற்றதெல்லாம் விருந்தாளிதான். கிரானைட் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து வருகிறது. கடப்பா கல் ஆந்திராவிலிருந்தும், மார்பிளும் கோட்டா கல்லும் ராஜஸ்தானிலிருந்தும் வருகின்றன. டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வருகிறது.

இதன் விளைவு என்ன தெரியுமா? கோட்டுச்சேரியிலோ நிரவியிலோ கட்டுகிற ஒரு சாதாரண வீட்டில்கூட ஐந்தாறு வகைக் கல் ஒரே கூரைக்கு அடியில் சேர்ந்துவிடுகிறது. காலையில் செங்கல் சுவரில் ஒயரிங் பைப்புக்குக் காடி எடுக்கிறார்கள், மத்தியானம் அடுப்படி மேடைக்குக் கிரானைட் வெட்டுகிறார்கள், சாயங்காலம் பாத்ரூம் டைல் வெட்டுகிறார்கள். பொருள் மூன்று, பிளேடு ஒன்று! அங்கேதான் கோளாறு ஆரம்பமாகிறது.

பிளேடுக்குள் என்ன இருக்கிறது?

வைர பிளேடில் இரண்டு பாகம் உண்டு. நடுவில் இருப்பது எஃகுத் தகடு. இதைக் 'கோர்' என்பார்கள். விளிம்பில் இருப்பது வெட்டும் பகுதி. அது துண்டு துண்டாக இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 'செக்மென்ட்' என்று பெயர்.

செக்மென்ட் முழுக்க வைரம் என்று நினைத்துவிடக் கூடாது. கோபால்ட், இரும்பு, வெண்கலம், நிக்கல் போன்ற உலோகப் பொடிகளோடு பொடி வைரத்தைக் கலந்து, அச்சில் அழுத்தி, சூடுபடுத்தி இறுக வைத்ததுதான் செக்மென்ட். வைரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இந்த உலோகக் கலவைக்குப் 'பாண்ட்' என்று பெயர். தமிழில் பிணைப்பு என்று சொல்லலாம்.

வைரம் என்றதும் மோதிரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். இது தொழிற்சாலையில் செய்த வைரம். 18-ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் நம் இந்தியாதான். கோல்கொண்டா என்றால் அன்று உலகமே திரும்பிப் பார்க்கும். பிறகு 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் என்ற விஞ்ஞானி பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரியை வைரமாக்கிக் காட்டினார். 1955 பிப்ரவரியில் அந்நிறுவனம் அதை உலகுக்கு அறிவித்தது. அரண்மனையில் இருந்த வைரம் கொத்தனார் கைக்கு வந்த கதை இதுதான்.

மோஸ் கடினத்தன்மை அளவில் வைரத்துக்கு 10. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸுக்கு 7. அப்படியானால் வைரம் எந்தக் கல்லையும் வெட்ட வேண்டியதுதானே? புது பிளேடுகூடச் சில நேரம் கல்லில் வழுக்கிக்கொண்டு நிற்பது ஏன்? இதற்கு விடை வைரத்தில் இல்லை, பிணைப்பில் இருக்கிறது.

பென்சில் சொல்லும் பாடம்

பென்சிலை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது உள்ளே இருக்கும் கரி. ஆனால் மரத்தைச் சீவினால்தான் கரி வெளியே வரும். மரம் சீவ வராமல் அடம் பிடித்தால் முனை மழுங்கி எழுத்து நின்றுபோகும். தொட்டதும் சீவிக்கொண்டே போனால் ஒரே நாளில் பென்சில் தீர்ந்துவிடும்.

வைர பிளேடும் அப்படித்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வைரத் துணுக்குகள் கல்லைச் சுரண்டுகின்றன. கொஞ்ச நேரத்தில் அவை மழுங்கி உடைந்து விழுகின்றன. அதே சமயம் பிணைப்பு உலோகம் தேய்ந்துகொண்டே வந்தால் அடுத்த வரிசை வைரம் தலை நீட்டும். வெட்டு தொடரும். உலோகம் தேயாவிட்டால் புது வைரம் வெளியே வராது. விளிம்பு கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். இதற்கு 'கிளேசிங்' என்று பெயர். உலோகம் அளவுக்கு மீறித் தேய்ந்தால் வேலை முடியாத நல்ல வைரமும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

சரி, இந்தப் பென்சிலைச் சீவுவது யார்? வெட்டுப்படுகிற கல்லேதான்! கல்லிலிருந்து வரும் தூள் உலோகத்தை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. செங்கல், சிமெண்ட் பிளாக் போன்றவை மெதுவான பொருட்கள்தான். ஆனால் அவற்றின் தூள் சொரசொரப்பான மணல் தூள். உலோகத்தை வேகமாகத் தின்றுவிடும். கிரானைட் கடினமான கல். ஆனால் அதிலிருந்து வருவது நைஸான மாவு போன்ற தூள். அது உலோகத்தை அவ்வளவாகத் தேய்க்காது.

இப்போது வருகிறது இந்தக் கட்டுரையின் முக்கியமான விதி. தயவுசெய்து அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்:

கடினமான கல்லுக்கு மெதுவான பிணைப்பு. மெதுவான, சொரசொரப்பான கல்லுக்குக் கடினமான பிணைப்பு.

முதலில் கேட்கும்போது தலைகீழாகத்தான் தோன்றும். "கடினமான கல்லுக்குக் கடினமான பிளேடு" என்றுதான் நம் மனம் சொல்லும். அப்படி வாங்கி மாட்டுவதால்தான் பிளேடு வழுக்குகிறது.

எங்கள் அப்பா கொத்தனார். கிரானைட் வெட்டும்போது பிளேடு வழுக்கினால் அவர் சொல்வது இதுதான்: "பிளேடு தூங்கிடுச்சு. செங்கல்ல ரெண்டு இழு இழுத்தா முழிச்சுக்கும்." பக்கத்தில் கிடக்கிற ஒரு செங்கல்லை எடுத்து இரண்டு மூன்று வெட்டு வெட்டுவார். பிறகு கிரானைட்டில் வைத்தால் பிளேடு மறுபடியும் ஏறும். இதைத்தான் புத்தகத்தில் 'டிரெஸ்ஸிங்' என்று எழுதியிருக்கிறார்கள். சொரசொரப்பான செங்கல் தூள் மேலே உள்ள உலோகத்தைத் தேய்த்துவிட, மூடிக்கிடந்த புது வைரம் வெளியே வருகிறது. பெயர் தெரியாமலே செய்து வந்த வேலைக்கு நம் படிப்பு காரணம் சொல்கிறது. அனுபவமும் பாடமும் ஒரே இடத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன!

விளிம்பில் மூன்று வகை

1. செக்மென்ட் பிளேடு: விளிம்பில் இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக இருக்கும். இடைவெளி வழியாகத் தூள் வெளியேறும், காற்றுப் பட்டுச் சூடு தணியும். வேகமாக வெட்டும். ஆனால் ஓரம் கொஞ்சம் பிசிறும். செங்கல், பிளாக், கான்கிரீட் வேலைக்கு ஏற்றது.

2. முழு விளிம்பு பிளேடு: இடைவெளியே இல்லாமல் வட்டமாக ஒரே பட்டையாக இருக்கும். ஓரம் கத்தியால் நறுக்கியது போல வரும். வேகம் குறைவு, சூடு அதிகம். அதனால் தண்ணீர் கட்டாயம். டைல்ஸ், மார்பிளுக்கு ஏற்றது.

3. டர்போ பிளேடு: முழு விளிம்புதான், ஆனால் பக்கவாட்டில் சாய்வான வரி வரியாகப் பள்ளம் இருக்கும். மேலே சொன்ன இரண்டுக்கும் நடுத்தரம். கிரானைட்டுக்கும் பொதுவான கல் வேலைக்கும் போடலாம்.

விளிம்பின் உருவம் கண்ணுக்குத் தெரியும். பிணைப்பு தெரியாது. ஆகவே உருவத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. எந்தப் பொருளுக்கு என்று பிளேடின் மேல் அல்லது அட்டையில் போட்டிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். நிறத்தை நம்பி வாங்குவதும் வேண்டாம். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

செக்மென்டைக் கோரோடு ஒட்டும் முறையும் முக்கியம். வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டிய பிளேடைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. சூடேறினால் பற்றாசு இளகிச் செக்மென்ட் பறந்துவிடும். லேசர் வெல்டிங் செய்ததும், கோரோடு சேர்த்தே சூட்டில் இறுக வைத்ததும் சூட்டைத் தாங்கும். பிளேடில் 'வெட்' என்று மட்டும் போட்டிருந்தால் தண்ணீர் இல்லாமல் தொடவே கூடாது.

எதற்கு எது?

செங்கல்: கடினப் பிணைப்பு, செக்மென்ட் விளிம்பு. பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் காரைக்காலுக்கு வந்து 1954 வரை ஆண்ட காலத்தில் எழுந்த பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் உண்டு. காரையில் மணல் இருப்பதால் அதற்கும் இதே வகைதான்.

சிமெண்ட் பிளாக், ஃபிளை ஆஷ் கல்: செங்கல்லை விடவும் பிளேடைத் தேய்க்கக் கூடியவை. கடினப் பிணைப்புதான் வேண்டும்.

கான்கிரீட்: இதில் வயதைப் பார்க்க வேண்டும். போட்டு ஓரிரு நாளே ஆன பச்சைக் கான்கிரீட்டில் மணல் இன்னும் இறுகாமல் உதிரும். ஆகவே கடினப் பிணைப்பு. நன்றாக ஆறி இறுகிய கான்கிரீட்டுக்கு நடுத்தரப் பிணைப்பு. உள்ளே இருக்கும் ஜல்லி கடினமான கருங்கல்லாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மெதுவான பிணைப்பு. வழியில் கம்பி குறுக்கிட்டால் பிளேடு வேகமாகத் தேயும். அதைவிட முக்கியம், கம்பியை வெட்டலாமா என்று பொறியாளரைக் கேட்காமல் வெட்டவே கூடாது.

கிரானைட்: மெதுவான பிணைப்பு, டர்போ அல்லது செக்மென்ட், தண்ணீரோடு.

கடப்பா கல், மார்பிள்: இவை சுண்ணாம்பு வகைக் கற்கள், கிரானைட்டை விட மெதுவானவை. ஆனால் ஓரம் உடையும். மார்பிளுக்கென்றே விற்கும் முழு விளிம்பு அல்லது டர்போ நல்லது.

விட்ரிஃபைட் டைல்: பார்க்க மெலிசு, ஆனால் மகா கடினம். மெதுவான பிணைப்புள்ள மெல்லிய முழு விளிம்பு பிளேடும் தண்ணீரும் வேண்டும்.

ஒரு வீட்டு வேலைக்குக் குறைந்தது மூன்று பிளேடு வைத்துக்கொண்டால் போதும்: சுவருக்கு ஒன்று, கிரானைட்டுக்கு ஒன்று, டைலுக்கு ஒன்று. ஒரே பிளேடைத் தேயத்தேய எல்லாவற்றிலும் இழுப்பதை விட மூன்றும் சேர்ந்து அதிக நாள் வரும்.

வேகக் கணக்கு

பிளேடு வாங்கும்போது மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: விட்டம், நடுத்துளை அளவு, அதிகபட்ச ஆர்.பி.எம். மிஷினின் ஆர்.பி.எம். எப்போதும் பிளேடின் ஆர்.பி.எம்.-ஐ விடக் குறைவாகவோ சமமாகவோதான் இருக்க வேண்டும்.

நாம் படித்த சூத்திரம்தான்:

விளிம்பு வேகம் = பை × விட்டம் × ஆர்.பி.எம். ÷ 60

110 மி.மீ. பிளேடு 12,000 ஆர்.பி.எம்.-ல் சுற்றினால்: 3.14 × 0.11 × 12,000 ÷ 60 = சுமார் 69 மீட்டர், ஒரு விநாடிக்கு! மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வேகம். கையில் பிடிக்கும் மிஷினுக்கான பிளேடுகளில் பொதுவாக விநாடிக்கு 80 மீட்டர் என்பதே எல்லை. ஐரோப்பாவில் வைர பிளேடுகளின் பாதுகாப்புக்கென்றே ஈ.என். 13236 என்ற தர விதி உண்டு. நல்ல பிளேடுகளில் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும்.

இப்போது ஒரு ஆபத்தான பழக்கத்தைப் பார்ப்போம். ஆழமாக வெட்ட வேண்டும் என்று சிலர் சின்ன கிரைண்டரின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு 180 மி.மீ. பிளேடை மாட்டுவார்கள். அந்த மிஷின் 11,000 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொண்டால் விளிம்பு வேகம் விநாடிக்குச் சுமார் 104 மீட்டர். எல்லையான 80-ஐத் தாண்டிவிட்டது. 104 ÷ 80 = 1.3 மடங்குதானே என்று நினைக்காதீர்கள். சுழற்சியால் வரும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 1.3 × 1.3 = 1.69. அதாவது பிளேடு தாங்க வேண்டியதை விட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான விசை! செக்மென்ட் தெறித்தால் அது துப்பாக்கிக் குண்டுதான். தடுக்க வேண்டிய மூடியோ கீழே கிடக்கிறது. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதும் இதைப் போலவே உயிரோடு விளையாடுவதாகும்.

மாட்டும் முறை, வெட்டும் முறை

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகுதான் பிளேடில் கை வைக்க வேண்டும். இரண்டு பக்க வாஷர்களையும் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். ஒரு பக்கம் சிமெண்ட் ஒட்டியிருந்தாலே பிளேடு கோணும். நடுத்துளை தண்டில் ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால் நூலோ தகடோ சுற்றி ஒட்டுப்போடக் கூடாது, அதற்கென்றே உள்ள வளையத்தைப் போட வேண்டும்.

பிளேடில் ஒரு அம்புக்குறி இருக்கும். மிஷின் சுற்றும் திசையும் அம்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏன்? வெட்டும்போது ஒவ்வொரு வைரத் துணுக்குக்கும் பின்னால் வால்நட்சத்திரத்தின் வால் போலக் கொஞ்சம் உலோகம் தேயாமல் நின்று அதற்கு முட்டுக் கொடுக்கும். திருப்பி மாட்டினால் அந்த முட்டு முன்பக்கம் போய்விடும். வைரம் சீக்கிரம் உதிரும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இதைக் கவனிக்க வேண்டும்.

மாட்டியபின் ஆளில்லாத பக்கம் பார்த்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். ஆட்டமோ வேறு மாதிரிச் சத்தமோ இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

வெட்டும்போது அமுக்கக் கூடாது. மிஷினின் எடையே போதும். பதறாத காரியம் சிதறாது என்பது இதற்கும் பொருந்தும். மூன்று இன்ச் ஆழம் வேண்டுமென்றால் ஒரே மூச்சில் இறக்காமல் இரண்டு மூன்று தடவையாக இறக்குங்கள். நேர்கோட்டில் மட்டும் போக வேண்டும். வளைத்தால் கோர் முறுகும். பிளேடின் பக்கவாட்டை வைத்துத் தேய்ப்பதும் தப்பு. தண்ணீர் இல்லாமல் வெட்டினால் அடிக்கடி வெளியே எடுத்துச் சில விநாடிகள் காற்றில் சுற்றவிட்டு ஆற வையுங்கள். வைரமும் கரிதானே! காற்றில் சுமார் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் வைரமே எரிந்து வீணாகும்.

தண்ணீர்: நம்ம ஊருக்கு ஒரு தனிக் குறிப்பு

தண்ணீர் மூன்று வேலை செய்கிறது. சூட்டைத் தணிக்கிறது, தூளைக் கழுவுகிறது, தூசியை அடக்குகிறது. ஆனால் நம் கடற்கரைப் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரில் வெட்டிவிட்டு அப்படியே சாக்கில் போட்டு வைத்தால் அடுத்த வாரம் கோர் முழுக்கத் துரு. துரு பிடித்துக் குழி விழுந்த கோரில் விரிசல் தொடங்குவது சுலபம். முடிந்தவரை நல்ல தண்ணீரில் வெட்டுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்துக் காய வையுங்கள்.

கான்கிரீட்டை வெட்டும்போது இன்னொன்றும் உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று ஐ.எஸ். 456 (2000) சொல்கிறது. அது கலக்கும் தண்ணீருக்கான விதிதான். ஆனாலும் கலக்க உதவாத உப்புத் தண்ணீரை, வெட்டித் திறந்த கம்பியின் மேல் ஊற்றுவது மட்டும் சரியாகிவிடுமா? யோசித்துப் பாருங்கள்.

தண்ணீரும் கரண்டும் சேருகிற இடம் என்பதால், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் மிஷினுக்குக் கரண்ட் வர வேண்டும். ஒட்டுப்போட்ட ஒயர் தரையில் ஈரத்தில் கிடக்கக் கூடாது.

நோயும் மருந்தும்

வழுக்குகிறது, வெட்டவில்லை: கிளேசிங். செங்கல்லிலோ சிமெண்ட் பிளாக்கிலோ சில வெட்டு வெட்டி எழுப்புங்கள். திரும்பத் திரும்ப இப்படி ஆனால் அந்தக் கல்லுக்குப் பிணைப்பு மிகக் கடினம். பிளேடை மாற்றுங்கள்.

சீக்கிரம் தேய்கிறது: பிணைப்பு மிக மெதுவு. கடினப் பிணைப்புள்ள பிளேடுக்கு மாறுங்கள்.

செக்மென்ட் நீலமாகக் கறுக்கிறது: சூடு அதிகம். தண்ணீர் போதவில்லை அல்லது அமுக்குகிறார்கள்.

செக்மென்டுக்குக் கீழே கோர் மெலிகிறது: மணல் கலந்த சேறு எஃகை அரிக்கிறது. தண்ணீரை அதிகமாக்குங்கள். ரொம்ப மெலிந்தால் செக்மென்ட் விழும். தூக்கிப் போடுங்கள்.

பிளேடு ஆடுகிறது: கோர் சூட்டில் வளைந்திருக்கலாம், வாஷர் தேய்ந்திருக்கலாம், மிஷினின் பேரிங் போயிருக்கலாம். மூன்றையும் பாருங்கள்.

விரிசல், அல்லது ஒரு செக்மென்ட் காணவில்லை: இதற்கு மருந்தே கிடையாது. அந்த பிளேடை வளைத்து உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

வேலை இல்லாதபோது பிளேடை ஆணியில் தொங்கவிடுங்கள் அல்லது சமதளத்தில் படுக்க வையுங்கள். மிஷினோடு சேர்த்துத் தூக்கி எறிவது, பிளேடு மேல் செங்கல் அடுக்குவது எல்லாம் வேண்டாம்.

விலை மலிவு என்றால் லாபமா?

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 150 ரூபாய் பிளேடு 30 மீட்டர் வெட்டுகிறது. 400 ரூபாய் பிளேடு 120 மீட்டர் வெட்டுகிறது. முதல் பிளேடில் மீட்டருக்கு 5 ரூபாய். இரண்டாவதில் மீட்டருக்கு 3 ரூபாய் 33 காசு. விலை அதிகமான பிளேடுதான் மலிவு! இதில் பிளேடு மாற்ற மிஷினை நிறுத்தும் நேரமும், சித்தாள் சும்மா நிற்கும் கூலியும் சேரவில்லை. ஆகவே பிளேடின் விலையைப் பார்க்காமல் ஒரு மீட்டர் வெட்டுக்கு ஆகும் செலவைப் பார்க்க வேண்டும். வேலையிடத்தில் ஒரு நோட்டுப் போட்டு, எந்த பிளேடு எதில் எத்தனை மீட்டர் வந்தது என்று குறித்தால் ஒரே மாதத்தில் உண்மை தெரிந்துவிடும்.

தூசி: பிளேடை விட முக்கியமானது

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முதல் விஷயம். செங்கல், கான்கிரீட், கிரானைட் எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் என்கிற சிலிகா இருக்கிறது. உலர்வாக வெட்டும்போது எழும் வெள்ளைப் புகையில் நம் கண்ணுக்குத் தெரிகிற தூள் அவ்வளவு ஆபத்தில்லை. கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரான் அளவே உள்ள தூள்தான் நுரையீரலின் அடி வரை போய் உட்காருகிறது. நம் தலைமுடியின் கனமே எழுபது மைக்ரான் அளவு இருக்கும் என்றால் அது எவ்வளவு நுண்மை என்று பாருங்கள். உள்ளே போனது திரும்பி வராது. வருஷக்கணக்கில் நுரையீரலைத் தழும்பாக்கும். அதுதான் சிலிகோசிஸ். வந்துவிட்டால் குணமாக்க மருந்து இல்லை. வராமல் தடுக்க மட்டுமே முடியும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பயம் அல்ல. நம் நாட்டின் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சிலிகோசிஸ் இடம்பெற்றது. 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேலையிடத்தில் மூச்சில் போகும் சிலிகாத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது. 2016-ல் அமெரிக்கா, எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் தூசி இருக்கக் கூடாது என்று விதித்தது. செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை வெட்டிய இளம் தொழிலாளர்கள் பலர் இந்நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொள்கிறோம். துண்டின் இழை இடைவெளி அந்தத் தூளுக்கு வாசல் கதவு மாதிரி. தாராளமாக உள்ளே போகும். என்-95 வகை மாஸ்க் முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் பலன். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் ஊற்றி வெட்டுவதே சிறந்த மருந்து. தூசி எழும்பினால்தானே மூக்குக்குப் போகும்? உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் நனைத்து அள்ளுங்கள். பெருக்குகிற சித்தாளுக்கும் நுரையீரல் இருக்கிறது. கண்ணாடி, காதடைப்பான், ஷூ மூன்றும் வேண்டும். லுங்கியும் தொங்கும் துண்டும் சுற்றுகிற பிளேடின் பக்கத்தில் வரக் கூடாது.

நம் கடமை

நண்பர்களே, இதையெல்லாம் கொத்தனாருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதாதா, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். மிஷினைப் பிடிக்கிறவர் பெரும்பாலும் பிளேடைத் தேர்ந்தெடுப்பதில்லை. வந்த பிளேடை மாட்டுகிறார். எதை வாங்குவது என்று இண்டென்ட் எழுதுவது சூப்பர்வைசர். டிப்ளமோ முடித்துவிட்டு வேலையிடத்துக்குப் போகும் நாம்தான் அந்த சூப்பர்வைசர். "பிளேடு - 1" என்று ஒரு வரியில் நாம் எழுதிவிட்டால், வழுக்கும் பிளேடை அமுக்கி அமுக்கித் தோள் வலிப்பதும், மூடியைக் கழற்றுவதும், தூசியைக் குடிப்பதும் இன்னொருவர். அந்த இன்னொருவர் நம்மில் பலருக்கு அப்பா, மாமா, அண்ணன், சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா.

ஆகவே இண்டென்ட் எழுதும்போது ஐந்து விவரம் எழுதுவோம்: வெட்ட வேண்டிய பொருள், விட்டமும் நடுத்துளையும், மிஷினின் ஆர்.பி.எம்., தண்ணீரோடா தண்ணீர் இல்லாமலா, ஓரம் சுத்தமாக வேண்டுமா இல்லையா. எஸ்டிமேட் போடும்போது பிளேடுக்கு ஒரு வரி, தண்ணீருக்கு ஒரு வரி, மாஸ்க்குக்கு ஒரு வரி சேர்ப்போம். பெரிய தொகை ஒன்றும் ஆகிவிடாது.

இந்த மலரைப் படித்துவிட்டு அடுத்த முறை கட்டிங் மிஷின் சத்தம் கேட்கும்போது, நின்று அந்த பிளேடின் விளிம்பை ஒரு நிமிடம் பாருங்கள். அம்பு சரியாக இருக்கிறதா? மூடி இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? இல்லையென்றால் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லுங்கள்.